சீனி போட்ட படை

என் கணவர் ஒரு சிப்பாயின் மீசைக்குப் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டவர். சிப்பாய் என்றால் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மை. இப்படி நாற்பது பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடித்து, படையாக்கி, மேசையில் அட்டையால் மலையும் ஆறும் செய்துவைத்து, அளவுநாடா பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு அது. மீசை முளைத்த ஆண்கள் விளையாடுவது. கல்யாணத்துக்கு முன்பு இதை யாராவது என்னிடம் சொன்னார்களா என்றால், மூச்சு விடவில்லை.

அவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர். விளையாட அவருக்கு இருந்தது ஒரே ஒரு கூட்டாளி. டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தவர். அவருடைய படை இரண்டு வருடமாகத் தயார். எங்கள் வீட்டுப் படையில்தான் மீசைக்காரர் ஒருவரைத் தவிர மற்ற முப்பத்தொன்பது பேரும் வெறும் சாம்பல் பிளாஸ்டிக். "பெயிண்ட் அடிக்காத ஆளுக்கு மேசையில எடம் இல்ல மச்சான்" என்பது கூட்டாளியின் சட்டம். இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் சட்டமாம்.

ஒரு புதன்கிழமை கூட்டாளி போன் எடுத்தார். கட்டாருக்கு வேலை விசா வந்துவிட்டது, திங்கட்கிழமை பயணம். ஆட்டம் என்றால் இந்த ஞாயிறுதான். இவர் போனை வைத்துவிட்டு அந்த முப்பத்தொன்பது பேருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நடக்காது புள்ள. ஒரு ஆளுக்கே எனக்கு ரெண்டு மூணு வாரம் வேணும்."

அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நான் கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பட்டன் என்று நாள் முழுக்கச் சட்டைகளை ஓட வைக்கிறவள். அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு மனிதர் மீசை வரைந்துகொண்டிருந்தால்?

"எந்திரிங்க. லைன் போடுறோம்" என்றேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நான் லீவு சொன்னேன்; அவர் வெள்ளியும் சனியும்.

வியாழன் காலை அவர் வேலைக்குப் போகுமுன் சிப்பாய்களைப் பத்துப் பத்தாக மரச்சட்டங்களில் ஒட்டினோம். கறுப்பு ஸ்ப்ரே அடிக்க அவர் பின்னேரம்தான் சரி என்றார். பின்னேரம் எங்கள் பக்கம் பனிமூட்டம் இறங்கிவிடும்; ஈரத்தில் அடித்தால் பெயிண்ட் மாவு தூவினது போலப் பூத்துவிடும். நாற்பதுக்கு மேல் உபரியாக இருந்த ஒரு சிப்பாய் ஏற்கெனவே அப்படிக் கெட்டுப்போய்த்தான் கிடந்தான். "வெயில் இருக்கிற நேரத்துல அடிங்க!" என்று துரத்தி, ஒன்பது மணிக்கு முன்பே முடித்தேன்.

வெள்ளிக்கிழமை லைன் ஓடியது. ஒரு நேரத்தில் ஒரே கலர். முதலில் எல்லா முகங்களும், பிறகு எல்லாக் கோட்டுகளும், பிறகு சப்பாத்துகள். உள்ளே இருப்பது முதலில், வெளியே இருப்பது பிறகு. கடைசி ஆள் முடியும்போது முதலாவது ஆள் காய்ந்திருப்பான், காத்திருக்கவே வேண்டாம். கோடு தாண்டினால் தாண்டட்டும், திரும்பிப் போகக் கூடாது.

"கண்ணு?" என்று கேட்டார்.

"கண்ணெல்லாம் கெடையாது. தொப்பி நெழல்ல எவனுக்குக் கண்ணு தெரியுது? மூணடி தள்ளி நின்னு பாருங்க."

தள்ளி நின்று பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, படை ஜோராகத்தான் இருந்தது.

கடைசியாக, மடிப்புகளில் நிழல் விழ மண்ணிறத்தில் ஒரு தண்ணிப் பூச்சு வேண்டும். அதற்கான சிறு போத்தல் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மண்ணிறத்துக்கா பஞ்சம்? "நல்லாக் கடுஞ்சாயமா ஒரு கப் பிளேன்டீ ஊத்திக்கிட்டு வாங்க" என்றேன். வந்தது. கொஞ்சம் மரப்பசை கலந்து நாற்பது பேருக்கும் பூசினோம். மடிப்பு மடிப்பாக இறங்கி அப்படியே பிடித்துக்கொண்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

சனிக்கிழமை காலை படை அசைந்துகொண்டிருந்தது. ஐயோ! கிட்டப் போய்ப் பார்த்தால், தலை முதல் சப்பாத்து வரை எறும்பு.

"சீனி போட்டீங்களா?"

"மூணு கரண்டி" என்றார், குற்றவாளி போல. "நீ சீனி இல்லாமக் குடிக்க மாட்டியே."

"நானா குடிச்சேன்? சிப்பாய்தானேங்க குடிச்சான்!"

கத்தவும் முடியவில்லை. இந்த வீட்டில் அவர் ஊற்றிய தேத்தண்ணி ஒருநாளும் சீனி இல்லாமல் என் கைக்கு வந்ததில்லை, அதுதான் உண்மை. சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். வெந்நீர்ச் சட்டியில் படையையே குளிப்பாட்டினோம். நல்ல வேளை, காய்ந்த பெயிண்ட் அசையவில்லை. கறுப்பையும் மண்ணிறத்தையும் தண்ணீராகக் கரைத்து மறுபடி லைன் ஓட்டி, பொழுது சாயுமுன் முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு மேல்மாடியில் ஆட்டம். கூட்டாளி படையைப் பார்த்துவிட்டு, "மச்சான், இது ஒன் கைவேல இல்லையே!" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் பெயிண்டை நான் துரத்தலாம், ஆட்டத்தைத் துரத்த முடியுமா? இவர் ஒவ்வொரு சிப்பாயையும் நகர்த்துமுன் மூன்று தடவை அளந்தார். பயணப் பெட்டி கட்டக் கூட்டாளியின் வீட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பாதி ஆட்டத்தில் மேசையைப் போட்டோ எடுத்து, இரண்டு படைகளையும் த்ரீவீலரில் ஏற்றி எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தோம்.

போட்டோவைப் பார்த்து முன்னறையில் அப்படியே அடுக்கினார். கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குப் போனை மேசை ஓரத்தில் நிறுத்தி, கூட்டாளி சொல்லச் சொல்ல இவரே அந்தப் படையையும் நகர்த்துவார். வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ பகடை உருளும். மிச்ச நேரம் சாப்பாடு, வெயில், கடையை இப்போது பார்த்துக்கொள்கிற தம்பி பற்றிய பேச்சு. இப்படியே எட்டு மாதம்.

பார்த்துப் பார்த்து ஆட்டம் எனக்கும் பிடிபட்டுவிட்டது. போன வெள்ளி கூட்டாளி பக்கம் ஆறு பேர்தான் மிச்சம். இவர் மூன்று அங்குலம் முன்னால் வைத்தால் ஆட்டம் முடிந்தது. இவர் அளந்தார், யோசித்தார், சிப்பாயைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போனுக்குக் கேட்காமல் காதருகே சொன்னேன்: "முன்னுக்கு வச்சிருந்தா இப்பவே ஜெயிச்சிருப்பீங்களே!"

"தெரியும்" என்றார், அதைவிட மெதுவாக. "ஜெயிச்சிட்டா அடுத்த வெள்ளிக்கெழம அவன் எதுக்குப் பேசணும்?"

ஒரு நிமிடம் பிந்தினாலும் லைனில் கத்துகிறவள் நான். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.