நான் பெயரை வெட்டிய யப்பான் கதை

உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டு மணமும் சவர்க்காரத் தூளின் வாசமும் மூக்கை அடைக்கும் ஒரு நிலக்கீழ் அறையில்தான், எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்த பனிக்காலத்தில், முதன்முதலாக ஒரு யப்பானியக் கதையை வாசித்தேன். ஊரைவிட்டு வந்து பார்க்டேலில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் எப்போதும் கணகணவென்று இருக்கும் இடம் அந்த "லோண்டரி" ஒன்றுதான். அம்மா உடுப்பைப் போட்டுவிட்டு என்னைக் காவலுக்கு இருத்திவிட்டுப் போவார். நான் நூலகத்தில் கைக்கு அகப்பட்ட எதையாவது விரித்துக்கொண்டு இருப்பேன். அன்று அகப்பட்டது, அணுகுண்டுக்குப் பிறகு யப்பானியர்கள் எழுதிய கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு.

அதில் ஒரு கதை. ஹிரோஷிமாவில் ஓர் அக்கா. தேநீர்க் கேத்தல் நிறையத் தண்ணீரோடு, தம்பி கென்ஜியைத் தேடி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். தரை முழுக்க எரிந்தவர்கள். முகத்தை வைத்து ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் "கென்ஜி" என்று கூப்பிடுகிறாள். கிடந்த அத்தனை பேரும், கிழவர்களும் பெண்களும்கூட, "ஓம், நான்தான்" என்கிறார்கள். தண்ணீருக்காக. எழுதியவர் குண்டு என்ற சொல்லை ஓரிடத்திலும் எழுதவில்லை. "அது விழுந்த பிறகு" என்றுதான் எழுதியிருந்தார். சலவை இயந்திரம் எப்போதோ நின்றுபோயிருந்தது. ஈர உடுப்பை மறந்து நான் எழும்பி நின்றேன். இதைத் தமிழில் சொல்லவேண்டும் என்று அந்த நிமிடம்தான் தோன்றியது.

சொல்வதற்கு இடமும் இருந்தது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வருடாவருடம் பேச்சுப்போட்டி நடக்கும். அந்த வருடத் தலைப்பு அமைதி. மூன்று நிமிடம், அதற்குள் பிறமொழிச் சொல் ஒன்று வந்தால் ஒரு புள்ளி வெட்டு. வீட்டில் எல்லோரும் "பஸ்", "ஷிஃப்ட்", "பேஸ்மென்ற்" என்று பேசிவிட்டு மேடையில் மட்டும் சங்கத் தமிழுக்குப் போய்விடுவோம். ஊர்ப் பெயருக்குப் புள்ளி வெட்டமாட்டார்கள் என்று அம்மா சொன்னார். நானோ ஒரு புள்ளிக்கும் இடம் வைக்க விரும்பவில்லை. ஹிரோஷிமாவை வெட்டினேன். யப்பானை வெட்டினேன். கென்ஜி வெறும் "தம்பி" ஆனான். கேத்தலும் பிறமொழிச் சொல்தானாம், அதைச் செம்பு ஆக்கினேன். முன்னுரைக்கு நேரமில்லை என்று, அக்காவே பேசுவதுபோல நேராகத் தொடங்கினேன்: "அது விழுந்த பிறகு, செம்பு நிறையத் தண்ணீரோடு என் தம்பியைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்."

முதல் பரிசு எனக்குத்தான். கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு சப்பாத்து மாற்ற வந்தபோது, கோட்டுகள் தொங்கிய மூலையில் பவளம் அன்ரி நின்றார். எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில் தனியாக இருந்தவர். அவருடைய தம்பி, ஊரில் போரால் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகக் கடைசியாகக் கடிதம் போட்டிருந்தவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்பது கட்டடம் முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும்.

"பிள்ளை, உது எந்தப் பள்ளிக்கூடம்?" என்று என் கையைப் பிடித்தார். "உங்கட வீட்டுக்குக் கடிதம் வந்ததோ? செம்போட போனவ ஆர்? ஒளிக்காமல் சொல்லு. அவ உயிரோட இருந்தால் நான் அவவோட ஒருக்கால் கதைக்கவேணும்."

"அது கதை, அன்ரி. யப்பான் கதை."

அவர் கையை விட்டார். "ஓ, கதையோ," என்றார். கையுறையை மாட்ட நேரம் எடுத்தது. பெருவிரல் வேறு விரலுக்குள் போய்விட்டது. கிண்ணத்தை எங்கே ஒளிக்கலாம் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு இரண்டு கிழமை படிக்கட்டால்தான் ஏறி இறங்கினேன், "எலிவேற்றரில்" அவரைச் சந்திக்கப் பயந்து. கடைசியில் அவரே உடுப்புக் கூடையோடு லோண்டரிக்கு வந்து, என் எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு, "அந்தப் புத்தகத்தை எடு, வெட்டாமல் வாசி," என்றார். நான் ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் தடக்கித் தடக்கிச் சொன்னேன். கேத்தல் வந்த இடத்தில் நிறுத்தி, "அட, கேத்தலையோ செம்பாக்கிப் போட்டாய், கள்ளி!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். பெயர் வந்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை. "கென்ஜி" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை பேரை விட்டனீ? தேடுறவளிட்டை வேற என்ன இருக்கு?"

எனக்கு ஒன்று அப்போது விளங்கியது. பெயரில்லாமல் நான் "தம்பி" என்று கூப்பிட்டுவிட்டேன். தாகத்தில் இருந்த அன்ரி "ஓம்" என்றுவிட்டார்.

கதையில் தம்பி கிடைப்பதில்லை. கேத்தல் வெறுமையாகிறது, அக்கா மறுபடி தண்ணீர் அள்ளப் போகிறாள், அவ்வளவுதான். "அப்ப இன்னும் தேடுறா," என்றார் அன்ரி. எழும்பித் தன் உடுப்பை மடிக்கத் தொடங்கினார்.

அந்தக் கட்டடத்தில் இப்போது எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நூலகத்தின் அந்தத் தட்டில் அந்தப் புத்தகம் இல்லை. பேச்சுப்போட்டியில் யாரும் புள்ளி வெட்டுவதில்லையாம். பிள்ளைகள் பேச வந்தாலே போதும் என்று சொல்கிறார்கள். அன்ரி மோர்னிங்சைட் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார். தம்பியைப் பற்றித் தகவல் இன்னும் இல்லை.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடமாக யப்பானிய மொழி படிக்கிறேன். "வேலைக்கு உதவுமோ?" என்று அம்மா கிழமைக்கு ஒருதரம் கேட்கிறார். போன மாதம் அந்தக் கதையின் யப்பானிய மூலப் பிரதி கைக்கு வந்தது. அகராதியும் கையுமாக முதல் பக்கத்தைத் தமிழாக்கியிருக்கிறேன். கேத்தல் கேத்தலாகவே இருக்கிறது. வருகிற ஞாயிறு இரண்டு பஸ் மாறி மோர்னிங்சைட்டுக்கு அன்ரியிடம் போகிறேன். நான் தமிழாக்கிய பக்கத்தில் கென்ஜியின் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. மூன்றையும் சத்தமாக வாசிக்கவேண்டும்.