ரெண்டரை மணி நேரம்

டிப்போவில் அவருக்குப் பெயர் கடிகாரம். முப்பது வருஷம் ஒரே வழித்தடத்தில் பஸ் ஓட்டியவர். ஒரு ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரே வாயில் வராது. சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்துச் சொல்வார். விட்டால் சொர்க்கத்துக்கும் டைம் சொல்லுவார் என்று கண்டக்டர் கேலி செய்வார்.

ஒரே மகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது மனுஷன் இடிந்துபோனார். விமான நிலைய வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். புறப்பாடு காலை பத்து, சேருவது பன்னிரண்டரை.

"அட, ரெண்டரை மணி நேரம்தானா! நம்ம முதல் டிரிப்பே மூணு மணி நேரம் ஆகுமே!"

அந்தப் பன்னிரண்டரை அந்த ஊர்க் கடிகாரத்தின் பன்னிரண்டரை. மகள் சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அழுதவர் இப்போதுதான் சிரிக்கிறார், கெடுப்பானேன்?

அப்புறம் தெருவில் யாரைப் பார்த்தாலும் இதே பாட்டுத்தான். இங்கே மத்தியானம் என்றால் அங்கே இன்னும் காலைதான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதை டிக்கெட்டோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பஸ் எந்த ஊருக்குப் போனாலும் கடிகாரம் ஒன்றுதானே.

இரண்டாம் வருஷம் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, மாலையில் கேட்டாள்.

"என்னங்க, பாப்பாவை வரச் சொல்லுங்க."

"காலையில பெரிய டாக்டர் வந்து பார்க்கட்டும். இங்க இருக்கிற ஊர்தானே, கூப்பிட்டா ரெண்டரை மணி நேரத்துல வந்துடப் போறா. இப்பவே சொல்லி ஏன் அவளைப் பதற வைக்கணும்?"

அவள் அவரையே பார்த்தாள். பேச மூச்சு போதவில்லை.

காலையில் பெரிய டாக்டர் அவர் தோளைத் தொட்டு, வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். அவர் வராந்தாவுக்கு வந்து மகளைப் போனில் கூப்பிட்டார்.

"அப்பா, அடுத்த ஃபிளைட்டைப் பிடிச்சாலும் நாளைக்கு விடியக் காலையிலதான்பா வர முடியும்."

"என்னம்மா சொல்றே? ரெண்டரை மணி நேரம்தானே?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். வானத்தில் மட்டும் ஏழு மணி நேரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"கிளம்பிட்டாளா?" என்றாள் மனைவி.

"கிளம்பிட்டா. இதோ, ரெண்டரை மணி நேரத்துல வந்துடுவா."

"ஏழு மணி நேரம்ங்க," என்றாள் அவள் மெல்ல. "அன்னிக்கே பாப்பா சொன்னா. நான்தான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னேன்."

அவர் அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். அந்தக் கை மாலைக்குள் சில்லிட்டுப்போனது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம், மகள் பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "லேட்டா வந்துட்டேனேப்பா" என்று அவர் மேல் விழுந்து கதறினாள்.

முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாக எடுக்காதவர் மகளின் தலையைத் தடவினார்.

"நீ லேட்டா வரலைம்மா. நான்தான் லேட்டா கூப்பிட்டேன்."