பட்டியலில் இரண்டாவது பெயர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். கையில் ஒரு சாவியும் கிடையாது. வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்யும் டிக்கெட் மென்பொருளில் முந்நூறு பேருக்கு அனுமதி தருவதும் பிடுங்குவதும் அவர் வேலை. மவுசைத் தொடமாட்டார். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார். அவரே எழுதிவைத்த ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு, ஓடும். நாற்பது பேருக்கு ஒரே மூச்சில் கதவு திறந்துவிடும்.

யாரும் நன்றி சொன்னதில்லை. "சார், எனக்கு ஓப்பன் ஆகலை" என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் காலை வணக்கம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும், போன் அடிக்கும். மற்றவர்களுக்கு அனுமதி தரும் தலைமை அனுமதி அவர் ஒருவரிடம்தான் என்பதால் ஆறு வருடமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்பு எடுத்ததில்லை. இன்னொருவருக்கும் கொடுத்துவிடலாமே என்று கேட்கும்போதெல்லாம் மேனேஜர், "பார்க்கலாம்" என்பார். அந்தப் 'பார்க்கலாமு'க்கும் வயது ஆறு.

போன வாரம் மறுபடி போய் நின்றார். மனைவிக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆள் இல்லை.

"அன்னிக்குத்தான் புதுசா அம்பது பேர் சேர்றாங்க. உங்களை விட்டா யார் இருக்கா?" என்றார் மேனேஜர்.

சாவிக்கொத்துக்குச் சண்டை போடத் தெரியாது. மேனேஜரைத் தன் மேஜைக்குக் கூட்டிவந்தார். "நான் ஒருத்தன்தான் இருக்கேன். இது நியாயமான்னு நீங்களே பாருங்க" என்று தலைமை அனுமதிப் பட்டியலை வரவழைத்தார். மற்ற பட்டியல்களைத் தினமும் பார்ப்பவர், இதை மட்டும் திறந்ததே இல்லை. தன் பெயர் மட்டும்தானே இருக்கப்போகிறது.

இரண்டு வரிகள் வந்தன. இரண்டாவது, என் பெயர்.

மென்பொருள் வந்த புதிதில், ஸ்கிரிப்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, பக்கத்து மேஜைக்காரியான என்னைச் சேர்த்திருக்கிறார். எடுக்க மறந்துவிட்டார். எனக்கு அன்றைக்கே தெரியும். மற்றவர்களுக்கு வராத ஒரு பொத்தான் என் திரையில் வந்தது. வாயைத் திறந்தால் அந்தப் போன் என் மேஜைக்கு வந்துவிடும். வீட்டு வேலையும் இந்த வேலையுமாக நானே நொந்துபோயிருந்தேன். பேசாமல் இருந்துவிட்டேன். அவருடைய அப்பா ஐ.சி.யூ.வில் கிடந்த வாரத்திலும் பேசாமல்தான் இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அப்புறமென்ன, வியாழக்கிழமை இவங்க பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

சாவிக்கொத்து என் பக்கம் திரும்பினார். முகம் சிறுத்துப்போயிருந்தது.

"மன்னிச்சுக்கோங்கம்மா. என் தப்புதான். உங்க பேரை எடுக்க மறந்து, இப்ப உங்க தலையில கட்டிட்டேன்."

"பரவாயில்ல சார்" என்றேன்.