தகரத்துக்குக் கீழே நின்ற நேரம்

போன் டவருக்குக் காவல் என்பது, ஊரெல்லாம் பேசுவதற்கு நாம் வாசல் கூட்டிக் கொடுக்கிற வேலை. கந்தப்பளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் உள்ள மேட்டில் டவர் நிற்கிறது. சாவி என்னிடம். புல் வெட்டி, டவரின் மெஷின் பெட்டிகள் இருக்கும் அறையைக் கூட்டி வைக்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளையை விட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாமாரே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

வெள்ளைக் காளான்

அந்த அறையின் கூரை ஓரத்தில் வெள்ளையாக, காளான் போல ஒன்று இருக்கும். ஆயுத பூஜைக்கு எல்லாப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்த நான், அதற்கும் வைக்கலாமா என்று, டவர் கம்பெனிக்காக மேற்பார்வை பார்க்கிற சுப்பவைசர் ஐயாவிடம் போனில் கேட்டேன். அது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை.

"அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க ஒங்க வேலயப் பாருங்க."

புதுக் கூரை

மழைக்காலத்தில் அறை ஒழுகியது. சுப்பவைசர் ஐயா ஆள் கூட்டி வந்து, பழைய கூரைக்கு மேலேயே தகரக் கூரை ஒன்று போட்டார். காளானும் உள்ளே போய்விட்டது. பாவம், இனி அதுவும் நனையாது என்று நானும் சந்தோஷப்பட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டு ஐயா அண்ணாந்து பார்த்தார்.

"இனிப் பத்து வருசத்துக்குக் கவல இல்ல."

வெள்ளிக்கிழமை

என் மகள் சாந்தி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வீட்டம்மா தன் போனைக் கொடுப்பார். ஒப்பந்தம் முடியப் போகிறது. வீட்டுக்கு வருவதா, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுவதா என்று என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வேன் என்றிருந்தாள். வந்துவிடு என்று சொல்லக் காத்திருந்தேன். அடுத்த வெள்ளி அவள் போன் கோல் வந்தது. சுகம் விசாரிப்பதற்குள் கட்டாகிவிட்டது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. எழுதி அனுப்பலாமே என்பீர்கள். வீட்டம்மாவின் போனில் எதை எழுதுவது?

லயத்தில் எல்லாருக்கும் இதே கதை. மூன்றாவது வெள்ளி மாரியாத்தாளைக் கும்பிட்டுவிட்டு வேறு டவர் இருக்கிற டவுனுக்கு இறங்கிப் போய், போனும் கையுமாக நாள் முழுக்க நின்றேன். அன்றைக்குக் கோலே வரவில்லை. திரும்பி ஏறி வரும்போது பீலியில் தண்ணி பிடித்துக்கொண்டிருந்த எங்கள் லயத்து முத்தம்மா கேட்டாள்.

"டவர்க்கார அக்கா, கூட்டுறப்ப சிக்னலையும் சேத்துக் கூட்டித் தள்ளிட்டீங்களா?"

ஆகாசம் தெரியணும்

பிறகு கொழும்பிலிருந்து ஒரு சிங்களத் தம்பி வந்தார், பழுது பார்க்கிறவர். தகரத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துவிட்டார். பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாக எனக்கு விளக்கினார். அந்தக் காளான்தான் ஆகாசத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டிலிருந்து சரியான நேரத்தை வாங்கித் தருகிறதாம். மூடிவிட்டால், பெட்டிக்குள் இருக்கிற கடிகாரம் கொஞ்ச நாள் சமாளிக்கும். அப்புறம் நூல் அளவு பிசகும். அந்த நூல் அளவுக்கே பக்கத்து டவர்களோடு ஒத்துப்போகாமல் கோல் அறுந்துவிடுமாம்.

தகரத்தைக் கழற்றிவிட்டு சுப்பவைசர் ஐயாவுக்குப் போன் போட்டார். அவர் பதில் எனக்கும் கேட்டது.

"மழையால வந்த பழுதுன்னு எழுதிருங்க."

தெளிவான கோல்

அந்த வெள்ளி சாந்தி பேசினாள். பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல இருந்தது. வந்துவிடு சாமி என்று முதல் வார்த்தையாகவே சொன்னேன். லைன் கட்டாகவில்லை. அவள் சொன்னாள்.

"போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேம்மா. ரெண்டு வாட்டியும் நீங்க போன வச்சதும், வர வேணாம்னு வாயால சொல்ல முடியாமத்தான் வக்கிறீங்கன்னு நெனச்சிட்டேன்."

இப்போது எங்கள் மேட்டில் லைன் கட்டாவதே இல்லை, இன்னும் ரெண்டு வருசத்துக்கு நானும் என் மகளும் தெளிவாக அழுதுகொள்ளலாம்.