வெர்லன் கீழே போட்ட கை

வெர்லன் டாக்கெட் பெரிய சீட்டாட்டக்காரர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல மனிதர், அது வேறு கதை. முப்பத்தோரு வருஷம் ஆயில்டேல் எண்ணெய்க் கிணறுகளில் பம்பு பார்த்தவர். மனைவி போன பிறகு, தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் எங்கள் சீட்டுக்கூடத்துக்கு வர ஆரம்பித்தார். என் பெயர் ஒலீட்டா. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். எனக்கும் புருஷன் இல்லை. வாய் கொஞ்சம் நீளம். பதினொரு வருஷம் அவர் ஆறாம் நாற்காலி, நான் ஏழாம் நாற்காலி.

எங்கள் ஆட்டம் ஒமாஹா. ஆளுக்கு நாலு சீட்டு. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக அஞ்சு. கையிலிருந்து ரெண்டு, மேசையிலிருந்து மூன்று எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த அஞ்சுதான் கை. நடுவில் குவிகிற பணத்தில் பாதி, இருப்பதில் பெரிய கைக்கு, பாதி, இருப்பதில் சின்னக் கைக்கு. ஏஸை ஒன்றாகவும் எண்ணலாம், அதனால் ஏஸும் ரெண்டும் கையில் இருந்தால் சின்னப் பாதி அநேகமாக நமக்குத்தான். ஆனால் அதே ஏஸ்-ரெண்டு இன்னொருவரிடமும் இருந்து தொலைத்தால் பாதியிலும் பாதி, கால் பங்குதான் கைக்கு வரும்.

அந்தக் காலத்தில் ஒரு தடவைக்கு நாலு டாலர், மிஞ்சினால் எட்டு. அதற்கு மேல் யாரும் கட்டக் கூடாது. அதனால் கால் பங்கு வாங்கினாலும் யாருக்கும் வயிறு எரியாது. கால் வாங்கியவர் மேசைக்கே காபி வாங்கித் தர வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பாதி நாள் வெர்லன் தான் வாங்குவார்.

"யோவ், கீழ போடுய்யா. எதிர்ல இருக்கிற ரெண்டு பேரும் அதையேதான் வெச்சிருக்கானுங்க" என்பேன். கீழே போடுவது என்றால், அதுவரை கட்டியதை விட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்வது.

"எட்டு டாலர் தானே அம்மணி. என்னதான் ஆகுதுன்னு பாத்துட்டுப் போறேனே" என்பார்.

போன வருஷம் ஏப்ரலில் மேலாளர் டுவேன் வந்து நின்றான். இளவட்டங்கள் இந்த எட்டு டாலர் ஆட்டத்துக்கு உட்காருவதில்லை, திங்கட்கிழமையிலிருந்து நடுவில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் ஒரே தடவையில் கட்டலாம் என்றான். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அன்றே நின்றுவிட்டார்கள். வெர்லன் நிற்கவில்லை. அவருக்குப் போக வேறு இடம் ஏது?

அவருடைய மகள் சார்லீன் தூரத்தில், டூசான் ஊரில் இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இரு என்று மூன்று வருஷமாக அவரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பனும் மகளும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆட்டத்துக்கென்று அறுநூறு டாலர் தனியாக எடுத்து வைப்பார். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு அவள் வரும்போது அதில் பாதியாவது மிச்சம் இருந்தால் அவர் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும்.

இதை அவர் என்னிடம்தான் முதலில் சொன்னார். இந்த வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஆறாம் நாற்காலியில் வேறொருவர் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் அவரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "இங்க பாரு. வெறும் ஏஸ்-ரெண்டு இனி செல்லாது. ஒருத்தன் நடுவுல இருக்கிறது மொத்தத்தையும் கட்டுறான்னா அவன்கிட்ட சின்னதும் இருக்கும், பெரிசும் இருக்கும். நீ கூடவே கட்டினா கால் பங்குதான் திரும்பி வரும். போட்டது பூரா வராது. மேல் பக்கம், அதான் பெரிய கைக்கு, உருப்படியா ஒண்ணும் இல்லன்னா கீழ போட்டுடு."

"ஜெயிக்கிற சீட்டைக் கீழ போடச் சொல்ற."

"ஆமாய்யா, அதான் ஆட்டம் இப்போ."

"கசக்குது" என்று கிரேவியில் ரொட்டியைத் தோய்த்தார்.

நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கையில் ஏஸ்-ரெண்டு இருக்கும்போது, மேல் பக்கம் சொத்தையாக இருந்தாலும், நாமே முந்திக்கொண்டு மொத்தத்தையும் கட்டினால் அதே ஏஸ்-ரெண்டு வைத்திருப்பவன் பயந்து ஓடிவிடுவான். முழுப் பணமும் நமக்கு. அதை அவருக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். முதலில் கீழே போடப் பழகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

அவருக்குப் பழகவே ஆறு மாதம் ஆனது. விருந்துக்கு முந்தின நாள், புதன்கிழமை காலை, சரியாக முந்நூறு டாலரோடு வந்து உட்கார்ந்தார். பனிமூட்டத்தில் தெருவே தெரியவில்லை. "இன்னிக்கு மூச்சு கூட விடமாட்டேன் அம்மணி, இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்றார்.

பதினொரு மணிக்கு அந்த ஆட்டம் வந்தது. மேசையில் ராஜா, எட்டு, நாலு, மூணு, கடைசியாக ஜாக்கி. மற்றவர்கள் விலகிவிட்டார்கள், மிஞ்சியது நானும் அவரும். நடுவில் நூற்று நாற்பது டாலர், அதில் அவருடையது ஐம்பது. என்னிடம் ஏஸ்-ரெண்டு, மேல் பக்கத்துக்கு ரெண்டு பத்து, ஒரே ஒரு ஜோடி. ரெண்டு பத்தெல்லாம் ஒரு கையா? அவரிடமும் ஏஸ்-ரெண்டு என்று எனக்குத் தெரியும். பதினொரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அது கூடவா தெரியாது!

சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பாழாய்ப்போன கை பழகிவிட்டது. "மொத்தமும்" என்றேன். அந்த நொடியில் என் கண்ணுக்கு வெர்லன் தெரியவில்லை, நடுவில் கிடந்த பணம்தான் தெரிந்தது.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு நாலு சீட்டையும் முகம் தெரிய விரித்துக் கீழே போட்டார். ஏஸ், ரெண்டு, ஒன்பது, ஜாக்கி.

ஜாக்கி. மேசையிலும் ஜாக்கி. என் ரெண்டு பத்தை அவருடைய ஜாக்கி ஜோடி அடித்திருக்கும். பெரிய பாதி முழுசும் அவருக்கு, சின்னதில் பாதியும் அவருக்கு. கூடக் கட்டியிருந்தால் முக்கால் பணம் அவருடையது. நானூறுக்கு மேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

மேசையே வாயைப் பிளந்தது. "வெர்லனா? ஏஸ்-ரெண்டைக் கீழ போட்டாரா?" என்றான் டுவேன்.

அவர் முகம் மலர்ந்திருந்தது. என் பக்கம் குனிந்து, "உங்கிட்ட ரெண்டு பக்கமும் இருந்துச்சு, இல்ல?" என்று கேட்டார்.

கூடக் கட்ட ஆளில்லாத கையை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அது சீட்டுக்கூடத்து விதி. என் சீட்டுகளைக் கவிழ்த்தபடியே, சீட்டுப் போடும் டீலர் பக்கம் தள்ளினேன்.

"இருந்துச்சு" என்றேன்.

"சரியாத்தான் போட்டேனா?"

"சரியாத்தான்யா போட்ட."

டீலர் அவற்றைக் கட்டோடு சேர்த்துக் கலைத்துவிட்டார்.

மதியம் வரை அவருக்கு ஒரு நல்ல சீட்டும் வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொரு கையாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். எழுந்தபோது இருநூற்று முப்பது சொச்சம். நான் வென்றதிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? பார்க்கிங்கில் கொடுத்தேன். "சார்லீன்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?" என்று என் கையை மூடிவிட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்த அந்தப் பெருமையையும் நானே பிடுங்கிக்கொள்ள மனசு வரவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயமும்தான்.

ஜனவரியில் போய்விட்டார். ஞாயிறுதோறும் டூசானிலிருந்து பேசுகிறார். அங்கே யாருக்கும் ஒமாஹா தெரியாது. ஆனாலும் மருமகனுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, பல் டாக்டருக்கு எல்லாம் அந்தக் கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். போன வாரமும் அதே பேச்சுதான்.

"ஒலீட்டா, நான் ஒண்ணு யோசிச்சேன். நீ சொன்னதை ஒரு ரெண்டு மாசம் முன்னாடியே ஒழுங்கா கத்துக்கிட்டிருந்தா, நான் அங்கயே இருந்திருப்பேன், என்ன?"

ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"இருந்திருப்பய்யா" என்றேன்.