வெள்ளிக்கிழமைத் தோட்டம்

அரசாங்க ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வரத் தேவையில்லை, அந்த நாளில் பயிர் செய்யட்டும் என்று அரசாங்கம் அறிவித்தபோது, எங்கள் வீட்டில் பயிர் செய்யக்கூடிய நிலம் பல்கனியில் இருந்த ஒரு பெயின்ட் வாளி மட்டும்தான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி. அந்த வாளியில் அம்மா வைத்திருந்த கறிவேப்பிலையும் கடற்காற்றில் கருகிப் போயிருந்தது.

ஆனால் அப்பா அரசாங்கக் கிளார்க். அறிவிப்பு என்றால் மதிப்பார். கூட வேலை செய்பவரின் வீட்டுக்குப் பின்னால், மட்டக்குளியில், ஒரு வெறுங்காணி கிடக்கிறது, அங்கே தோட்டம் போடப்போகிறேன் என்றார். கீழ்வீட்டாரிடம் மண்வெட்டி இரவல் வாங்கினார். முதல் வெள்ளிக்கிழமை விடியவே அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்காக, இலங்கை ஒரு விவசாய நாடு என்பதில் தொடங்கி, மன்னர்கள் கட்டிய குளங்கள், வெள்ளைக்காரன் கொண்டுவந்த தேயிலை என்று ஒவ்வொன்றாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். அந்த விவசாய நாட்டில்தான் இரசாயன உரத்தை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியதில் வயல்கள் படுத்து, அரிசி கப்பலில் வந்து எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே யார் என்ன சொன்னாலும் சும்மா நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பிறவியிலேயே நான் ஒரு சந்தேகப் பிராணி என்பது அம்மாவின் கருத்து.

பின்னேரம் அப்பா ஒரு கட்டு வல்லாரையோடு வந்தார்.

"நட்ட அண்டைக்கே முளைச்சிட்டுதோ?" என்று அம்மா கேட்டார்.

"காணிக்காரன்ர மனிசி முந்தியே வைச்சதாம்," என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார்.

நான் சாக்கை அவிழ்த்தேன். மண்வெட்டியில் மண் இருந்தது. ஆனால் அது காய்ந்த பழைய மண், கீழ்வீட்டாரின் மண். சாப்பிடும்போது அப்பாவின் நகங்களைப் பார்த்தேன். அதே கந்தோர் நகங்கள், படு சுத்தம். முகம் மட்டும் வெயிலில் கறுத்திருந்தது.

அடுத்த வெள்ளி கங்குன் கீரை வந்தது. சந்தைக் கடைக்காரர் கட்டுகிற அதே வாழைநாரால் கட்டியிருந்தது. அம்மா அந்த நாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

"அந்த மனிசிக்கு எத்தினை பிள்ளையள்?" என்று சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"ஆர் கண்டது," என்றார் அப்பா.

அது எனக்குச் சரியான பதிலாகப் படவில்லை. அம்மாவுக்கும் படவில்லை என்பது அன்று பாத்திரம் கழுவிய சத்தத்தில் தெரிந்தது. எங்கள் மாடியிலேயே இன்னொரு வீட்டில் ஓர் அப்பா இப்படித்தான், முதலில் பிந்தி வந்து, பிறகு கிழமைக்கு ஒருமுறை வந்து, கடைசியில் வராமலே போனார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கப்போகிறது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் கிழமை முழுக்க என் மனதில் பாடம் ஏறவில்லை.

மூன்றாவது வெள்ளி அப்பா கரட் கொண்டுவந்தார். நல்ல நீளமான, மினுங்குகிற கரட்.

"எங்கட தோட்டத்தில நானே பிடுங்கினது," என்று மேசையில் வைத்தார்.

"கரட் மட்டக்குளியில வளராது அப்பா," என்றேன். "நுவரெலியா மாதிரிக் குளிரான இடத்திலதான் வளரும். சுற்றாடல் புத்தகத்தில இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு கரட்டைப் பார்த்தார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். கரட் கடையில் இருக்கும் என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் யோசித்திருக்க மாட்டார்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "இப்ப சொல்லுங்கோ. ஆர் அவள்?"

"அவளுமில்லை இவளுமில்லை. பாஸ்போட் கியூவில நிண்டனான். அந்தக் கந்தோருக்கு மட்டும் வெள்ளி லீவில்லை. ரெண்டு கிழமையா உள்ளுக்கே விடேல்லை, இண்டைக்குத்தான் விட்டவங்கள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டிருப்பீரோ?"

அம்மா அழத் தொடங்கினார். எனக்கோ உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கியூதானே! அந்த வருடம் காஸுக்குக் கியூ, பெற்றோலுக்குக் கியூ, பால்மாவுக்குக் கியூ. எல்லோருடைய அப்பாவும் ஏதோ ஒரு கியூவில் நின்றார்கள், நின்றவர்கள் எதையாவது வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இதற்குப் போய் அம்மா ஏன் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டே ஒரு கரட்டைக் கழுவிக் கடித்தேன். நல்ல இனிப்பாக இருந்தது.

பயிர் செய்து நாட்டைக் காப்பாற்ற முடியாதவர்கள் வெளிநாடு போய் டொலர் அனுப்பிக் காப்பாற்றலாம் என்று, சம்பளமில்லாத நீண்ட லீவும் அப்போது கொடுத்தார்கள். சில மாதங்களில் அப்பா ஒரு பாலைவன நாட்டுக்குப் போனார். மண்வெட்டியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிடச் சொன்னார். அங்கே என்ன வேலை என்று அம்மாவிடம் கேட்டேன். தோட்ட வேலையாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடியும் அதே பொய்யா?

முதல் படம் வட்ஸ்அப்பில் வந்தது. மழையே பெய்யாத அந்த நாட்டில், பொலித்தீன் கூடாரம் ஒன்றுக்குள், தக்காளிச் செடிகளுக்கு நடுவில் அப்பா நின்றார். கையில் ஒரு குலைத் தக்காளி. 'நானே பிடுங்கினது' என்று கீழே எழுதியிருந்தார்.

நான் விடுவேனா? படத்தை விரலால் பெரிதாக்கி நகங்களைப் பார்த்தேன். விளிம்பெல்லாம் கறுப்பு. பெருவிரல் நகம் பிளந்திருந்தது.

"அம்மா, இஞ்ச பாருங்கோ. படத்துக்காக மண்ணைப் பூசிப்போட்டு நிக்கிறார்," என்றேன். இந்த முறையும் பிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா போனை வாங்கி, அந்த நகங்களையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.