ஸ்டெல்லாவின் மூன்று வால் பூச்சி

ஸ்டெல்லா போய்விட்டாள்... காலையில் அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து சொன்னார்.

அழுகைதான் வர வேண்டும். வருகிறது. ஆனால் அதற்கு மேல், ஒரு விஷயத்தை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும் என்று கை பரபரக்கிறது. அவளும் அப்படித்தான், எதையும் மனசுக்குள் வைத்திருக்கத் தெரியாது.

தெரியாதவர்களுக்கு... ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலேஜில், விலங்கியல் டிபார்ட்மென்டில், நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே பஸ், ஒரே பைத்தியம். ஏரியின் அடிச் சேறு!

ஏரி நன்றாக இருக்கிறதா என்று எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். இவள் அடிச் சேற்றை வலையில் அள்ளி, தட்டில் அலசி, அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள்.

வெறும் சிவப்புப் புழுவாக நெளிந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் கம்மி. நத்தை, மட்டி எல்லாம் கலந்திருந்தால் பரவாயில்லை. வாலில் மூன்று நூல் வைத்த மேஃபிளைப் பூச்சியின் குஞ்சு இருந்தால் சுத்தமான தண்ணீர்... கும்மாளம்தான்.

எங்கள் ஏரியில் எப்போதும் சிவப்புப் புழுதான். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுத் தண்ணீர் விழுந்த ஏரி.

ஒரு கோடையில் ஏரி வற்றியபோது மதகோரம் ஆழமாகத் தோண்டினாள். மேலே நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு. அதற்கும் கீழே சாம்பல் மண்ணில் கொத்துக் கொத்தாக மட்டி ஓடுகள்.

"இன்னாடி கலா இது! வெள்ளக்காரன் காலத்து ஏரிடி இது... டேனரிங்க ஜாஸ்தி ஆவறதுக்கு முன்ன! இவ்ளோ மட்டி இருந்த எடத்துல மேஃபிளையும் இருந்திருக்கும். திரும்பி வரும் பாரு!"

சேற்றுக் கையோடு கட்டிக்கொண்டாள். என் புதுப் புடவை போச்சு.

அன்றிலிருந்து ஒரே வெறி. இந்த ஏரியில் ஒரே ஒரு மேஃபிளையைப் பார்த்துவிட வேண்டும்.

பார்த்தும்விட்டாள்! ஏரிக்கரையில் அவள் போட்ட கூச்சலில், மாடு மேய்த்தவர் "பாம்பாம்மா?" என்று கம்போடு ஓடி வந்தார். டிபார்ட்மென்ட் முழுக்க மக்கன் பேடா. பிரின்சிபாலுக்கும் இரண்டு.

சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் பிள்ளைகளை அமிர்தி காட்டு ஓடைக்கு ஃபீல்டு ட்ரிப் கூட்டிப் போனோம், அங்கே சுத்தமான தண்ணீர். இதே வலை.

"ஸ்டெல்லா... வலையக் கழுவுனியா?"

"நீ கழுவிருப்பேன்னு உட்டுட்டேன்டி..."

வலை மடிப்பில் ஒட்டி வந்த அமிர்திப் பூச்சி! அவள் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் மறுநாள் அவளே ஒவ்வொரு ரூமாகப் போய்ச் சொன்னாள். "பூச்சி பொய். பேடா நெஜம். திருப்பித் தர வேணாம்."

அப்புறம் ரிட்டயர் ஆகும்வரை வலையைத் துணி மாதிரி துவைத்துக் கொடியில் காயப்போட்டாள்.

போன சனிக்கிழமை... அவள் ஆஸ்பத்திரியில். நான் மட்டும் ஏரிக்குப் போனேன். கழிவுத் தண்ணீர் விழுவது நின்று வருஷக்கணக்காகிறது, இந்த முறை மழையும் நல்ல மழை.

சேற்றை அள்ளித் தட்டில் அலசினேன். ஏதோ ஓடியது. மூன்று வால்! உயிரோடு! எங்கள் ஏரியில்!

உடனே வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி.

"வலையக் கழுவுனியாடி?"

"பேஜார் புடிச்சவளே, புது வலைடி! இன்னிக்குத்தான் கவரையே பிரிச்சேன்!"

அடுத்து வந்ததில் வார்த்தையே இல்லை. கூச்சல். அதே ஏரிக்கரைக் கூச்சல்! பின்னால் நர்ஸ் "அம்மா, மாஸ்க்க கழட்டாதீங்க" என்று திட்டுவதும் கேட்கிறது.

காலையிலிருந்து அதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பூச்சியை அங்கேயே விட்டுட்டேன் ஸ்டெல்லா. போய்ட்டு வாடி...